புங்கமரம் வரை வந்த டவாலி

இல்லை, ஜைத்தூன் அக்காவுக்கு உருது தெரியாது. ஒரு வார்த்தைகூட.

இதை மூன்று நாளில் நான்கு பேருக்குச் சொல்லிவிட்டேன். டவாலி என்ற சொல்லுக்கு அவர்தான் எனக்குப் பொருள் சொன்னார் என்று எப்படியோ ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அவர் சொல்லவில்லை. அவர் கேட்டார். தேடியது நான். தேடி எடுத்ததை வைத்து அவருக்குக் கெடுதல் செய்ததும் நான்தான். அதையும் எழுத வேண்டும்.

செய்தி புதன்கிழமை காலை வந்தது. நான் டைப்ரைட்டர் உறையை மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காவலாளி ஏழுமலை சைக்கிளை வராந்தாவில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஜைத்தூன் அக்கா பூட்டாங்க சார். விடியகாலைல மாரு வலிக்குதுன்னாங்களாம். வண்டி கொண்டாரதுக்குள்ள…"

ஹெட்கிளார்க் பேனாவை மூடினார். பிறகு, "பெல்ட்டு எங்க இருக்குது?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறு இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணை நாள். பெல்ட் அலுவலகப் பொருள். துலக்குவதற்காக ஜைத்தூன் அக்கா அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்.

இந்த இதழைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் அலுவலகம் தெரியும். அதனால் பெயர் எழுதவில்லை. மீதிப் பேருக்கு: செஞ்சியில் பட்டா மனுக்களை விசாரிக்கும் ஓர் இடம். பெரிய அதிகாரி மாதம் இரண்டு முறை ஜீப்பில் வருவார். அவர் இறங்கியதும் ஒருவர் முன்னால் நடந்து வழி விலக்கவேண்டும். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகச் சிவப்புப் பட்டை. நடுவில் பித்தளை வில்லை. அந்தப் பட்டையின் பெயர் டவாலி; அலுவலகப் பேச்சில் பெல்ட். அதை அணிபவரின் பெயரும் டவாலி. அதிகாரி உட்கார்ந்த பிறகு அவர் வராந்தாவில் நின்று மனுதாரரின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது அழைப்புக்கும் ஆள் வராவிட்டால் "ஆஜராகவில்லை" என்று எழுதி மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

ஜைத்தூன் அக்காவின் கணவர் அன்வர் பாய் பதினெட்டு வருடம் அந்தப் பெல்ட்டைப் போட்டவர். பணியில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை அக்காவுக்கு வந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவளுக்கு ஏழு வயது. நானும் அதே மாதம்தான் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் எம்.ஏ. முடித்த கையோடு வந்திருந்தேன். முதல் நாள் என்னைப் பார்த்து அவர் சொன்னது: "நீயும் புதுசு, நானும் புதுசு. நீ மிசினுக்கு பயப்படு, நான் மனுசருக்கு பயப்படுறேன்."

வேலை கொடுத்தார்கள். பெல்ட்டைக் கொடுக்கவில்லை.

"பொம்பளை மாருக்குக் குறுக்க பெல்ட்டு போட்டுக்கிட்டு ஐயாவுக்கு முன்னாடி நடந்தா ஜனங்க சிரிப்பாங்கம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் ஹெட்கிளார்க். அவர் மனதார அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். அப்போது தினக்கூலியாக இருந்த ஏழுமலையை அழைத்துப் பெல்ட்டை மாட்டினார். அக்காவுக்குப் பின்கட்டில் டம்ளர் கழுவும் வேலை. கூடவே, விசாரணைக்கு முதல் நாள் வில்லையைத் துலக்கும் வேலை. பெல்ட்டை அவர் தொடலாம். போடக்கூடாது.

புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பார். அவர் துலக்கிய வில்லையில் ஜன்னல் தெரியும், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மலைகூடத் தெரியும். "யக்கா, மூஞ்சி பாத்து சவரம் பண்ணலாம் போலக்குது" என்பார் ஏழுமலை. "பண்ணு, அப்பவாவது பாக்கற மாதிரி இருப்பே" என்பார் இவர்.

ஆறு மாதத்தில் பணி வரன்முறை ஆகி வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு ஓர் அறிக்கை போகும். நியமனம் டவாலி பதவியில். டவாலி வேலையை அவர் செய்யவில்லை என்று அறிக்கையில் வந்துவிட்டால் வரன்முறை ஆகாது. வேலை போய்விடும். பெல்ட்டைக் கொடுக்காதவரே பெல்ட் போடவில்லை என்று எழுதலாம். இதை முதலில் கவனித்தது நான் அல்ல. அக்கா.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார்: "நீ படிச்ச பொண்ணுதானே. டவாலின்னா இன்னா அர்த்தம்? ஆம்பளைன்னு அர்த்தமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "உங்க பாஷைதானே பாய்ம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க பாஷை தமிழு சார். எங்க பாட்டனுக்குப் பாட்டன் கோட்டையில பீரங்கிக்கு மருந்து இடிச்சவரு. அவரும் தமிழ்லதான் இடிச்சாரு."

தேர்வு ஒன்றுக்காகச் சென்னை போனபோது பல்கலைக்கழக நூலகத்தில் பெரிய அகராதிகளைப் புரட்டினேன். டவாலி, உருது வழியாக வந்தது. அதற்கும் முன்னால் பாரசீகத்தில், தோல் வார். அவ்வளவுதான். முதலில் அது ஒரு வார். பிறகு வாரைக் கட்டியவனுக்கும் அதே பெயர். போன வேகத்தில் பியூனையும் பார்த்தேன். போர்த்துகீசியச் சொல், காலால் நடப்பவன். குதிரை இல்லாதவன்.

திரும்பி வந்து சொன்னேன். தோல் வார் என்றதும் அவர் சுவர் ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பேரு எங்க வூட்டுக்காரரோடதே இல்ல. பெல்ட்டோடது. அவரு போட்டாரு, ஏழுமலை போடுறான். ஆளு மாறிக்கினே இருக்கறான், பேரு ஆணியிலயே மாட்டிக்கினு இருக்குது."

பியூன் என்றால் காலால் நடப்பவன் என்றேன்.

"ரெண்டு காலு இருக்கறவன் எல்லாம் பியூனா? அப்போ ஹெட்கிளார்க்கு?"

சாப்பாட்டு டப்பாவை மூடும்போது, சிரிப்பில்லாமல், இதையும் கேட்டார்: "உங்க நைனாவ ஊர்ல இன்னான்னு கூப்புடுவாங்க? அதுக்கு அர்த்தம் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டேன் என்பதுதான் சரி. எங்கள் நைனாவை ஊர்க்காரர்கள் வெட்டி என்று கூப்பிட்டார்கள். சாவு சொல்லப் போவார், ஏரி மதகு திறப்பார், அழைத்த இடத்துக்கெல்லாம் போவார். அடுத்த முறை சென்னை போனபோது பார்த்தேன். வெட்டி: கூலி இல்லாத வேலை. கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. ஒன்று வார், ஒன்று கால், ஒன்று இல்லாத கூலி. மூன்று சொல்லிலும் ஆள் இல்லை.

இது பிறகு நடந்தது. அதற்கு முன்னால் நான் அக்காவுக்காக ஒரு மனு எழுதினேன்.

அவர் கேட்டது இரண்டு வரி. "பெல்ட்ட குடுங்க, வேலைய செய்றேன். அவ்ளோதான். ஐயாவுக்குன்னு எழுது." நான் மூன்று பக்கம் எழுதினேன். சொல்லின் மூலம், பாரசீகம், உருது, அது ஒரு பொருளையே குறிக்கிறது என்பதால் அணிபவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது என்பது, அதற்கு இரண்டு அடிக்குறிப்பு. அப்போது எனக்கு அது நன்றாக இருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "இதுல நான் எங்கக்கிறேன்?" என்றார். "கடைசியில, கையெழுத்துல" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மனு அதிகாரியிடம் போகவேயில்லை. ஹெட்கிளார்க் படித்தார். பெல்ட்டைப் பற்றிய கடிதம் என்று மேலே குறித்துத் தளவாடப் பிரிவுக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. டவாலி ஒன்று கையிருப்பில் உள்ளது, நல்ல நிலையில் உள்ளது, புதியது வழங்க அவசியம் எழவில்லை.

அலுவலகமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஹெட்கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. யார் எழுதியது என்று அவருக்குத் தெரியும். என்னைக் கூப்பிடவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். "எனக்கு மேல எழுதறதுக்கு ஆள் புடிக்கிறியா? ஆறு மாசம் முடியட்டும். நீ இன்னா வேலை செஞ்சேன்னு நானும் எழுதறேன்."

வெளியே வந்தவர் என்னிடம் கோபப்படவில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். "நீ நல்லாத்தான் எழுதுன. ஆனா படிக்கிறவன் யாருன்னு பாக்கல" என்றார். அதன்பிறகு நான் எழுதிய எதையும் அந்த வரியை நினைக்காமல் முடித்ததில்லை. இதையும்கூட.

மன்னிப்பு கேட்கப் போனேன். கேட்க வரவில்லை. அதற்குப் பதிலாக நைனாவின் கதையைச் சொன்னேன். ஏன் என்று இப்போதும் தெரியாது.

நான் ஒன்பதாவது படித்தபோது, வீட்டுமனைப் பட்டாவுக்கு நைனா மனுப் போட்டார். விசாரணைக்கு நாள் வந்தது. விடியும் முன் நடந்து வந்து, இதே அலுவலகத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் புங்கமரத்தடியில் நின்றார். பெயர் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஆஜராகவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளினார்கள்.

"கேக்கலியா அவருக்கு?" என்றார் அக்கா.

"கேட்டது. மூணு தடவையும் கேட்டுச்சாம். படி ஏறலாமா கூடாதான்னு தெரியல. யாராவது வான்னு சொல்லுவாங்கன்னு நின்னுக்கினே இருந்தாரு."

"யாரு கூப்ட்டது?"

"யாரோ டவாலி" என்றேன்.

அவர் விரல் விட்டு வருடங்களை எண்ணினார். "அப்போ எங்க வூட்டுக்காரருதான். அவருக்குக் குரலு பெருசு. வராந்தாவுல கூப்ட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்னு பெருமையா சொல்லுவாரு."

டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

ஆறு மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. விசாரணை நாள் அமாவாசைக்கு மறுநாளாக விழுந்தது. ஏழுமலை அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர். ராத்திரி அங்கே இருந்துவிட்டு, விடியற்காலை ஸ்பெஷல் பஸ்ஸில் வந்து, குளித்து, நேராகப் பெல்ட் போட்டுவிடுவார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அன்று பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. பத்தரை மணி. ஜீப் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஹெட்கிளார்க் வராந்தாவில் நின்றுகொண்டு, "எங்கடா அவன்? எங்கடா அவன்?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜைத்தூன் அக்கா பின்கட்டிலிருந்து வந்தார். முதல் நாள் துலக்கிய பெல்ட் கையில் இருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பெல்ட்டைத் தோளில் போட்டார். அது அன்வர் பாயின் உடம்புக்குத் தைத்தது, இவருக்கு முழங்காலுக்கு வந்தது. என்னைப் பார்த்தார். "பின்னு இருக்குதா?" என் ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். பட்டையை இரண்டாக மடித்துக் குத்திக்கொண்டார்.

ஹெட்கிளார்க், "ஏம்மா, ஏம்மா" என்றார். அதற்குள் அக்கா படி இறங்கி ஜீப்பின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சுமார் நூறு பேர் இருந்திருப்பார்கள். வழிவிட்டார்கள். அவர் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. அதிகாரி பின்னால் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்கிளார்க் குனிந்து ஏதோ விளக்கப் போனார். "முதல் பெட்டிஷன் எது?" என்றார் அதிகாரி.

பட்டியலை முந்தின நாள் நான் டைப் அடித்தபோது அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். பொழுது போகாமல் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அவர் வராந்தாவில் நிற்கவில்லை. படி இறங்கினார். சாலையைக் கடந்தார். புங்கமரத்தடிக்குப் போனார். நான் ஜன்னலில் இருந்தேன்.

"அனந்தபுரத்துலேர்ந்து யாரெல்லாம் வந்துக்கிறீங்க?"

நான்கைந்து பேர் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால், மரத்தைவிட்டுத் தள்ளி, ஒரு முதியவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்கதானே முனுசாமி? உங்க பேரதான் மொதல்ல கூப்டணும். இங்க நின்னா எப்பிடி? வாங்க."

"நான் வரலாமாம்மா?"

"கூப்புடுறது யாரு? நான்தானே? இத எதுக்கு மாட்டினுக்கிறேன், அழகுக்கா? வாங்க உள்ள."

கூட்டத்தில் ஒரு கிழவி, "நல்லாத்தான்க்கிது, பூ ஒண்ணு வச்சுக்கோ" என்றாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.

அன்று முழுக்க அப்படியே. முதலில் மரத்தடி, பிறகு டீக்கடை, பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவர். ஆளைக் கண்டுபிடித்துப் படியருகே உட்காரவைத்துவிட்டுத்தான் வராந்தாவில் ஏறிக் கூப்பிட்டார். விதி மூன்று முறை. அவர் ஒருமுறைதான் கூப்பிட வேண்டியிருந்தது. பனமலைக்காரர் ஒருவர் தூங்கிவிட்டிருந்தார், அவரை மட்டும் இரண்டு முறை.

மாலையில் பட்டியலைப் பார்த்த அதிகாரி, "ஆஜராகாதவங்க ஒருத்தர்கூட இல்லையா?" என்று கேட்டார்.

ஹெட்கிளார்க் அக்காவைப் பார்த்தார். "இல்லீங்க ஐயா. இன்னைக்கு டவாலி நல்லா கூப்ட்டாங்க" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அக்காவைக் குறித்து அன்றுதான் முதல்முறை கேட்டேன். பத்து நாள் கழித்துப் போன அறிக்கையிலும் அதையேதான் எழுதினார். டைப் அடித்தது நான். வேறெதுவும் சேர்க்கவில்லை. ஏழுமலைக்கு மறுவருடம் எங்கள் அலுவலகத்திலேயே காவலாளி வேலை கிடைத்தது. அமாவாசைக்குப் போய்வரத் தோதான வேலை. "அங்காளம்மா எனக்குப் பஸ்ஸு குடுக்கல, உனக்கு பெல்ட்டு குடுத்தா" என்று அக்காவிடம் சொல்வார். "உங்க அம்மனுக்கு என் பேர்ல ஒரு தேங்கா ஒடை" என்பார் அக்கா.

அன்று சாயங்காலம் வில்லையைத் துணியில் சுற்றியபோது என்னிடம் ஒன்று சொன்னார். "குரலு பெருசா இருந்து இன்னா. எட்டு அடி நடக்கணும்." அன்வர் பாயைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. நைனாவின் பெயரையும் எடுக்கவில்லை.

ஐந்து வருடம் அந்தப் பெல்ட்டைப் போட்டார். அளவைக் குறைத்துத் தைத்துத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். "நாளைக்கு வர்றவ குண்டா இருந்தா?" ஊக்கால்தான் கடைசிவரை குத்திக்கொண்டார். என்னுடைய அதே ஊக்கு.

நைனாவுக்காக மறுபடி மனுப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தள்ளிப்போட்டேன். எந்த வாசலுக்கு வெளியே அவரை நிற்கவைத்தார்களோ அந்த வாசலுக்கே அவரைத் திரும்ப அழைத்துவர மனம் வரவில்லை. போன மாதம்தான் போட்டேன். இரண்டு வரி. அக்காவிடம் காட்டினேன். "இதுல உங்க நைனா இருக்கறாரு" என்றார். இன்னும் நாள் குறிக்கவில்லை. அவரைக் கூப்பிடப் போவது ஜைத்தூன் அக்கா என்றே நினைத்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை மதியம் பெல்ட்டை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள். தெருவெல்லாம் ஆண்கள். உள்ளே பெண்கள். முகத்தைப் பார்க்க விட்டார்கள். பெரிய பெண் உள்ளறைக்குப் போய்ப் பழைய வேட்டித் துணியில் சுற்றியதைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நேத்தே தேச்சு வச்சுட்டாங்க" என்றாள். துணியைப் பிரித்துப் பார்த்தேன். புளி வாசனை போகவில்லை. ஊக்கு பட்டையிலேயே குத்தியிருந்தது. அதை மட்டும் கழற்றி, "எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "உங்களுதுதானே? அம்மா சொல்லும்" என்றாள்.

பெல்ட்டை ஹெட்கிளார்க்கிடம் ஒப்படைத்தேன். அவர் வாங்கி, மேசைமேல் வைத்து, வில்லையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் உடனே எழுதவில்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று எழுதவேண்டும். ஓர் ஊக்கு. "படிக்கிறவன் யாருன்னு பாக்கல." "எட்டு அடி நடக்கணும்." சொற்களின் வேர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தது. இப்போது இல்லை. வேரில் வார்தான் இருக்கிறது. நடந்தது அவர்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. ஏழுமலைக்குப் பெல்ட்டை மாட்டினார்கள். அதிகாரிக்கு முன்னால் ஒழுங்காக நடந்தார். பிறகு, பழைய வழக்கப்படி, வராந்தாவில் நின்று முதல் பெயரைக் கூப்பிட்டார். மேல்மலையனூர் பக்கத்து அம்மாள் ஒருவர். பதில் இல்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார். பதில் இல்லை.

நான் டைப்ரைட்டரிலிருந்து எழுந்தேன். "கொஞ்சம் இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, படி இறங்கி, சாலையைக் கடந்து, புங்கமரத்தடிக்குப் போனேன்.